நீல டேப்புக்கு இந்தப் பக்கம் – அத்தியாயம் 9

ஜனெலின் காபியை நாம் விட்டுவிட்டு வந்தபோது அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது. இப்போது ஆறிப்போய், கோப்பையின் உள்பக்கம் வட்டமாய்க் கறை படிந்துவிட்டது. அவள் தொடவே இல்லை. கணினியில் இருந்த இரண்டு வரியை ஏழாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

'நோர்டன் கல்லூரி, பெண்கள் கூடைப்பந்து அணி. எண் 14, பிரிட்டா ஹாகன், மாற்றப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளார்.'

வேறு கல்லூரிக்கு ஆடப் போகிறேன் என்று நினைக்கிற பெண் தன் பெயரைப் போட்டு வைக்கும் இடம்தான் அந்தப் பட்டியல். பெயர் ஏறின நிமிடத்திலிருந்து நாட்டில் எந்தக் கோச்சும் அவளைக் கூப்பிட்டுப் பேசலாம். பட்டியல் என்ற ஒன்று வந்ததிலிருந்து ஜனெலுக்கு இப்படி ஆறு கடிதம் வந்திருக்கிறது. ஆறு தடவையும் அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கோபப்பட்டுவிட்டு, பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எங்கே போகலாம் என்று இருக்கிறாய், நான் யாரிடம் பேசட்டும் என்று கேட்டவள் அவள்.

ஏழாவது கடிதம், அவள் வயிற்றில் பிறந்த பெண்ணிடமிருந்தே. அரைமணி நேரம் தாண்டிவிட்டது. கோபம் அப்படியே இருந்தது.

சுவரில் பதினொரு வலைகள் தொங்கின. கோப்பை ஜெயித்த வருடங்களில் வளையத்திலிருந்து கத்தரித்து எடுத்தவை. இருபத்தாறு சீசன், ஐந்நூற்று எழுபத்தொரு வெற்றி. அயோவாவில் கூடைப்பந்து பார்க்கிற எந்த வீட்டிலும் ஜனெல் ஹாகன் என்றால் தெரியும். அந்த ஜனெலுக்குத் தன் வீட்டுப் பெண் வெளியே போகப் போகிறாள் என்பதைக் கணினி சொல்ல வேண்டியிருந்தது.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அணியின் வருட முடிவு விருந்து. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருநூறு பேர். ஆட்டக்காரிகளின் அப்பா அம்மாக்கள், பழைய மாணவிகள், நன்கொடைக்காரர்கள். அங்கே கோச் எழுந்து நின்று, கையில் காகிதம் இல்லாமல், பதினான்கு பெண்களைப் பற்றியும் ஒவ்வொருத்தியாகப் பேச வேண்டும். அது இந்தக் கல்லூரியின் வழக்கம், ஜனெலே ஆரம்பித்து வைத்தது. பிரிட்டாவின் முறை வரும்போது என்ன பேசுவது?

ஐந்து மணிக்குள் அவளோடு பேசியாக வேண்டும். எங்கே வைத்துப் பேசுவது என்பதுதான் சிக்கல்.

முதலில் தன் அறையிலிருந்து மூன்றாவது கதவைத் தட்டினாள். விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளும் நீல் ஓஸ்ட்பியின் அறை. நீல் அவளை எதிர்பார்த்தவர் போல மேஜையைத் துடைத்து வைத்திருந்தார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் நாலு அம்பதுக்கு மனு வந்துச்சு," என்றார். "ரெண்டு வேலை நாளுக்குள்ள நான் ஏத்தணும். வெள்ளி ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு. ஏத்திட்டேன்."

"நேத்து ஈஸ்டருக்கு எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டியே நீல்."

"ஆமா."

"ரெண்டு தடவ ஹாம் கறி வாங்கிப் போட்டுக்கிட்ட."

"நல்லா இருந்துச்சு. அதையும் சொன்னேனே."

"இத மட்டும் சொல்லல."

ஏற்றுவதற்கு முன்னால் கோச்சிடம் சொல்லக் கூடாது என்று நீல் விளக்கினார். பெண்ணுக்கு இருபத்தொரு வயது, அது அவள் உரிமை. மனம் மாறினால் அவளே பெயரை எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. ஜனெல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் எதிர்லதான உக்காந்திருந்தா அவ. நீங்க ரெண்டு பேரும் உருளைக்கிழங்க மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டீங்க."

"வேற எங்க பாத்தாலும் நீ கண்டுபிடிச்சிடுவன்னு பயமா இருந்துச்சு. அதான் உருளைக்கிழங்கையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் ஜனெல், உங்க வீட்டுல பந்துப் பேச்சு பேசக் கூடாதுன்னு டேப் ஒட்டி வெச்சிருக்கறது நான் இல்ல."

டேப் விஷயத்தில் அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த டேப்பைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஹாகன் வீட்டுப் பின்வாசலில், சேற்று பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் ஏறும் இடத்தில், தரையில் குறுக்கே ஒரு நீல டேப். பிரிட்டாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, தோற்ற ஆட்டத்தைப் பற்றி அம்மா ராச்சாப்பாடு முழுக்கப் பேசியதைக் கேட்டு, கையில் பிடித்த கரண்டியோடு குழந்தை அழுதுவிட்டது. மறுநாள் அவள் அப்பா கர்ட் டேப்பை ஒட்டினான். பந்து இதைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வந்தால், கொண்டுவந்தவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

பிரிட்டா கல்லூரி அணியில் சேர்ந்தபோது ஜனெல் அதற்கு மறுபாதியையும் போட்டாள். வீடு ஆடுகளத்துக்குள் வரக் கூடாது. அங்கே அவள் கோச், இங்கே அம்மா. கோச் என்றால் 'நீங்க', அம்மா என்றால் 'நீ'. எல்லோரும் மெச்சினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில்கூட எழுதினார்கள், டேப்பைப் படம் எடுத்துப் போட்டு.

திரும்பித் தன் அறைக்கு வந்தபோது போனில் ஒரு குரல் செய்தி காத்திருந்தது.

"ஜனெல், ட்ரூடி பேசறேன். உன் பதினாலாம் நம்பர் விஷயமா. பன்னெண்டு மணிக்குக் கூப்பிடறேன். என் மூணு கேள்வியும் உனக்குத் தெரியும்."

ட்ரூடி வெசல், மேற்கே ஐந்து மணி நேரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கோச். பதினைந்து வருடமாக ஜனெலும் அவளும் ஒருத்தியை ஒருத்தி தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்கள். ட்ரூடியின் மூன்று கேள்விகள் எல்லாக் கோச்களுக்கும் தெரியும். சட்டை துவைக்கிறவர்களிடம் அந்தப் பெண் எப்படிப் பேசுவாள்? ஆட்டத்திலிருந்து வெளியே இழுத்து உட்கார வைத்தால் என்ன செய்வாள்? மறுபடி கிடைத்தால் நீ எடுத்துக்கொள்வாயா?

மூன்றாவது கேள்விக்கு நிறையப் பேர் பொய் சொல்வார்கள். வேண்டாதவளைத் தள்ளிவிட ஒரு பொய், வேண்டியவளை நிறுத்தி வைக்க ஒரு பொய். ஜனெல் ஒரு தடவைகூட சொன்னதில்லை. அதனால்தான் எல்லோரும் அவளைக் கூப்பிடுகிறார்கள்.

மேஜை இழுப்பறையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. அடுத்த வருட கேப்டன் யார் என்று பெண்கள் வியாழக்கிழமை மதியம் ஓட்டுப் போட்டார்கள். சட்டைகளையும் பைகளையும் பார்த்துக்கொள்ளும் டோரிஸ் எண்ணி, பெயரை எழுதி, ஒட்டிக் கொடுத்துவிட்டாள். விருந்தில் எல்லோர் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும். ஜனெல் உறையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். வியாழன் மதியம் ஓட்டு, வியாழன் நாலு அம்பதுக்கு மனு. நடுவில் நாலு மணி நேரம் அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து என்ன நினைத்தாள் என்று யோசித்துக்கொண்டே வந்ததில், தன் வீட்டுத் திருப்பத்தையே தாண்டிப் போய்விட்டு வண்டியைத் திருப்பினாள்.

கர்ட் கொட்டகையில் இருந்தான். சோளம் விதைக்க இன்னும் இரண்டு வாரம். விதைக்கும் இயந்திரத்துக்கு அடியில் படுத்துக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது அவன் பூட்ஸ் மட்டும். அவள் அந்த பூட்ஸிடம்தான் பேச வேண்டியிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

பூட்ஸ் அசையவில்லை.

"கர்ட்."

"எதப் பத்தி?"

"எதப் பத்தின்னு நீ கேக்கறதுலயே தெரியுது, உனக்குத் தெரியும்னு."

"கிறிஸ்துமஸ்லேர்ந்து," என்றது இயந்திரத்துக்கு அடியிலிருந்து குரல்.

நாலு மாதம். நாலு மாதமாக இந்த மனிதன் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்து, வானிலை பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பந்து விஷயம், வீட்டுக்குள்ளே எப்படிச் சொல்வது என்றான். கேலி செய்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்று முகத்தைப் பார்க்க முடியாமல் அவளுக்குக் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னா?"

"பிக்கப் வண்டியில. வண்டியில டேப் இல்லையே."

பிறகு அவன் வெளியே நகர்ந்து வந்து, தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, கையைத் துணியில் துடைத்தபடி சொன்னான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை, அதனால் மெதுவாகச் சொன்னான். நவம்பரில் வான்கோழி விருந்தன்று பிரிட்டா மேஜையில், அம்மா, அடுத்த வருஷத்தப் பத்தி ஒண்ணு, என்று ஆரம்பித்தாள். ஜனெல் கரண்டியால் டேப் பக்கம் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பிரிட்டா ஒரு வாரம் பாத்திரம் கழுவினாள்.

ஜனவரியில் அவள் அம்மாவின் அலுவலக அறைக்கே போனாளாம். போய் 'அம்மா' என்றாளாம்.

ஜனெலுக்கு அது ஞாபகம் வந்தது. பயிற்சிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இங்க நான் அம்மா இல்ல, வீட்டு விஷயம்னா வீட்டுல பேசு, என்று தலையைத் தூக்காமலேயே சொல்லியிருந்தாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. நல்ல பெண், கதவை அறைய மாட்டாள் என்று அப்போது நினைத்துக்கொண்டதும்கூட ஞாபகம் வந்தது.

"அப்ப அவ எங்கதான் பேசறது?" என்றாள்.

கர்ட் கிரீஸ் துணியை மடித்தான். "அதத்தான் அவளும் கேட்டா."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பிரிட்டாவின் சின்னப் பச்சைக் கார். விருந்துக்குப் போட வேண்டிய உடை வீட்டில் இருந்தது. விடுதியிலிருந்து அதை எடுக்க வந்திருக்கிறாள், கையோடு ஒரு கூடை அழுக்குத் துணியும்.

கொட்டகையிலிருந்து பின்வாசலுக்கு வந்துவிட்ட அம்மாவையும் அப்பாவையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் கூடையை இடுப்பில் இடுக்கியபடி நின்றாள். அம்மாவைவிட அரை அடி உயரம். அப்பாவின் தாடை.

"வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சு," என்றாள் ஜனெல்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் குறைந்தது பதினைந்து இருக்கும். அத்தனையும் வரிசையில் நின்றன. வாயைத் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

"அந்த டிரஸ்ஸுக்கு இஸ்திரி போடணுமா?"

பிரிட்டா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். கர்ட் கூரையைப் பார்த்தான். மூன்று பேரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, டேப்பைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஜனெல் ஆரம்பித்தாள். எங்கே வைத்து என்று பிரிட்டா கேட்டாள். ஜனெல் கர்ட்டைப் பார்த்தாள். அதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று கர்ட் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னான்.

"கோச்சா நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று ஜனெல் கேட்டாள். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது. "யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஜனெல் தன் பொண்ணுக்குச் சலுகை குடுத்தான்னு சொல்லியிருக்காங்களா?"

"சொல்லல. அதுக்கு நீ வழியே வெக்கல. மூணு வருஷமா மூலையில நிக்க வெச்சிருக்க."

அது நிஜம். பள்ளியில் பிரிட்டாதான் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிறவள். கல்லூரியில் அம்மா அவளை ஆடுகளத்தின் மூலையில் நிறுத்தினாள். பந்து தேடி வந்தால் எறிய வேண்டும். வராவிட்டால் நிற்க வேண்டும்.

"அது அணிக்குத் தேவையா இருந்துச்சு."

"இருக்கட்டும். அத என்கிட்ட சொன்னியா?" பிரிட்டா கூடையைக் கீழே வைத்தாள். "சீசன் முடிஞ்சதும் ஒவ்வொருத்தியா உள்ள கூப்பிட்டு அரைமணி நேரம் பேசுவ. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். கேட்டி அழுதுக்கிட்டே வருவா. சிமோன் சிரிச்சுக்கிட்டே வருவா. எது தப்பு, எது நல்லா இருக்கு, அடுத்த வருஷம் என்ன செய்யணும், எல்லாம் அவளுங்களுக்குத் தெரியும். என் முறை வந்தா, மத்தத வீட்டுல பேசிக்கலாம்னுவ. வீட்டுக்கு வந்தா தரையில டேப். எனக்கு உன் ரூம்ல கிடைச்சது ஆறு நிமிஷம் அம்மா. மூணு வருஷமும் நான் கடிகாரத்தப் பாத்தேன். ஆறு, ஆறு, இந்த வருஷமும் ஆறு."

ஜனெல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா ஆடினா கோச் பொண்ணு, ஆடத்தான் செய்வான்னு சொல்றாங்க. சொதப்பினா கோச் பொண்ணு, அதான் இடம் கிடைச்சிருக்குன்னு சொல்றாங்க. நான் நல்லா ஆடறேனா இல்லையா, எனக்கே தெரியல. தெரிஞ்ச ஒரே ஆள் நீ. நீ வாயத் திறக்கவே மாட்டேங்கற."

ஊர்ச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. அது ஊதி முடிக்கும் முன்பே ஜனெலின் போன் அடித்தது.

மூன்று பேருமே போனைப் பார்த்தார்கள். ட்ரூடி வெசல்.

கர்ட் பழக்கதோஷத்தில் எழுந்துபோய்ப் பின்வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வருடமாக ஜனெல் பந்துப் பேச்சுக்கு வரும் போனையெல்லாம் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நின்றுதான் பேசுவாள். ஜனவரிப் பனியில், கோட்டு மாட்டிக்கொண்டு, காலை உதைத்து உதைத்துச் சூடு பண்ணிக்கொண்டு பேசியிருக்கிறாள்.

இப்போதும் போனை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். டேப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள்.

அடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தாள். போனை வெண்ணெய்த் தட்டின் மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ட்ரூடி, முதல்லயே சொல்லிடறேன். ஸ்பீக்கர்ல இருக்க. பிரிட்டா எதிர்ல நிக்கறா. கர்ட்டும் இருக்கான்."

"நீ எங்க இருக்க?" என்று ட்ரூடி கேட்டாள்.

"சமையலறையில."

அந்த டேப் பற்றித் தெரியாத கோச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் ட்ரூடி.

"கேள்விய கேளு."

பெண் எதிரில் இருக்கும்போது கேள்விகளை மாற்றிக்கொள்ளட்டுமா என்று ட்ரூடி கேட்டாள். வேண்டாம் என்றாள் ஜனெல். கர்ட் கதவைச் சாத்திவிட்டு, சத்தம் வராமல் வந்து உட்கார்ந்தான்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபமாக வந்தது. வெளியூர் ஆட்டம் முடிந்தால் ஈரத்துணி மூட்டையை பஸ் வரைக்கும் தூக்கி வருவது பிரிட்டாதான், யாரும் சொல்லாமலே. டோரிஸிடம் மூன்று நாய் இருக்கிறது. மூன்றின் பெயரும் பிரிட்டாவுக்குத் தெரியும். "இருபத்தாறு வருஷமா டோரிஸோட வேலை பாக்கறேன், எனக்கு ஒண்ணோட பேருதான் தெரியும்," என்றாள் ஜனெல்.

இரண்டாவது கேள்விக்கு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உக்கார வெச்சா முகத்தத் தூக்கி வெச்சுக்குவா. கண்ணாலயே என்னத் திட்டுவா. ரெண்டு நிமிஷம். அப்புறம் பக்கத்துல இருக்கற புதுப் பொண்ணுங்ககிட்ட, எதிராளி இப்ப என்ன செய்யப் போறாங்கன்னு சொல்லிக்கிட்டிருப்பா. சரியாத்தான் சொல்லுவா. சில சமயம் நான் சொல்றது தப்புன்னும் சொல்லுவா."

பிரிட்டாவின் கழுத்து சிவந்தது.

"எனக்குக் காது கேக்கும்," என்றாள் ஜனெல், போனைப் பார்த்தபடியே.

பிறகு ட்ரூடி கேட்காமலேயே குறைகளைச் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். இடது பக்கம் யாராவது வேகமாக வந்தால் அவள் கால் அரை நொடி தாமதிக்கிறது. களைத்துவிட்டால் காலை நகர்த்தாமல் கையை நீட்டுகிறாள், அதில் ஃபவுல் விழுகிறது. தானே எறியலாம் என்கிற இடத்தில் இன்னொருத்திக்குக் கொடுக்கப் பார்க்கிறாள். கோடையில் பளு தூக்குவதில் ஏமாற்றுகிறாள். கர்ட், அது எனக்குத் தெரியாதே என்று முணுமுணுத்தான். பிரிட்டா முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது கால் விஷயம் வந்தபோது, ஆமா என்று தலையை ஆட்டினாள்.

நல்லதும் வந்தது. அதையும் ஜனெல் அதே குரலில்தான் சொன்னாள், பட்டியல் படிப்பது போல. வழி திறப்பதற்கு முன்பே அவளுக்கு அது தெரிகிறது. பத்துப் பெண்களும் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் தெரிகிறது. "அது சொல்லிக் குடுத்து வராது. எனக்கு அது இருந்ததில்ல. உனக்கும் இருந்ததில்ல ட்ரூடி, கோச்சுக்காத."

"அப்ப ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ட்ரூடி. "மூணு வருஷ ஆட்டமும் பாத்தேன். எல்லாத்துலயும் மூலையில நிக்கறா. இப்படி ஒருத்திய யாராவது மூலையில வெப்பாங்களா?"

ஜனெல் போனைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"நான் வெச்சேன்," என்றாள் ஜனெல். "தப்பு."

அவள் முதல் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பிரிட்டா முதல் வருடம், முதல் தடவை பந்தைக் கொண்டு வந்து கூடையில் போட்டாள். அரங்கம் கைதட்டியது. ஜனெலுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார், அம்மா கோச்சா இருந்தா பந்து கைக்கு வரத்தான செய்யும் என்று. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து பிரிட்டா மூலையில்.

"அணிக்காகன்னு இவகிட்ட இப்பக்கூடச் சொன்னேன், இந்தப் போன் வர்றதுக்கு முன்னாடி. அணிக்காக இல்ல. பின்னாடி உக்காந்து யாரோ பேசினதுக்காக ஆட்டத்த மாத்தினேன். ஐந்நூத்தி எழுபத்தொண்ணு ஜெயிச்சதுல எதுலயும் நான் அத செஞ்சதில்ல. இவ விஷயத்துல மட்டும் செஞ்சேன். மூணு வருஷம்."

பிரிட்டா மேஜைமேல் இருந்த ரொட்டித் தூளை ஒரு விரலால் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரூடி தொண்டையைச் செருமினாள். "மூணாவது கேட்டே ஆகணும்."

"கேளு."

"மறுபடி கிடைச்சா எடுத்துக்குவியா?"

ஜனெல் முதல் தடவையாகப் போனிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள்.

"முதல் நாளே எடுத்துக்குவேன். பந்த அவ கையில குடுத்துடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அம்மாவா சொல்லச் சொன்னா, கோச் ஜனெல்கிட்ட போகாதன்னு சொல்லுவேன். எனக்குப் பின்னாடி பேசறது மறுபடியும் காதுல விழும். உனக்கு விழாது."

கர்ட் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான். வெளியே பார்க்க எதுவும் இல்லை, உழாத வயல்தான்.

நாளைக்குக் காலையில் பிரிட்டாவை நேரே கூப்பிடுகிறேன் என்று ட்ரூடி சொன்னாள். பிறகு, நவம்பர் இரண்டாவது வாரம் நாங்கள் நோர்டனுக்கு ஆட வருகிறோம், ஞாபகம் இருக்கிறதல்லவா என்று கேட்டாள்.

"இருக்கு. இடது பக்கம் அவ கால் தாமதிக்குதுன்னு உன்கிட்ட சொன்னத என் பொண்ணுங்ககிட்டயும் சொல்லுவேன்."

"சொல்லுவ, சொல்லுவ," என்று ட்ரூடி வைத்துவிட்டாள்.

பிரிட்டா கையை நீட்டி, வெண்ணெய்த் தட்டிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணு," என்றாள்.

"என்ன முப்பத்தொண்ணு?"

"நிமிஷம்." போனை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள். "கேட்டிக்கு எவ்வளவு குடுத்த?"

"முப்பது."

பிரிட்டா போனை மெல்லக் கீழே வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள், சட்டைக் கையால் துடைத்தாள், துணிக்கூடையிலிருந்து ஒரு காலுறை கீழே விழுந்திருந்ததை எடுத்து மறுபடி உள்ளே போட்டாள்.

"கோடையில நான் ஏமாத்தறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"இருபத்தாறு வருஷமா எல்லாரும் ஏமாத்தறாங்க."

கர்ட் ஜன்னலிலிருந்து திரும்பினான். அவன் கண் தரையில் டேப் மேல் இருந்தது. "பாத்திரம்," என்றான் மனைவியிடம். "ஒரு வாரம்."

"இன்னிக்குமா? அஞ்சு மணிக்கு விருந்து இருக்கு கர்ட்."

"நேத்து ஹாம் வறுத்த தட்டு இன்னும் அப்படியே ஊறிக்கிட்டிருக்கு."

ஜனெல் எழுந்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். நேற்றைய கொழுப்பு தட்டில் வெள்ளையாக உறைந்திருந்தது. சுரண்டினாள். பக்கத்தில் பிரிட்டா துவாலையை எடுத்துக்கொண்டு வந்து நின்றது, பார்க்காமலேயே தெரிந்தது.



"போறதா நான் இன்னும் முடிவு பண்ணல," என்றாள் பிரிட்டா. "பேர் மட்டும்தான் போட்டிருக்கேன்."

"நான் கேக்கல."

"கேக்க மாட்டன்னுதான் நானே சொல்றேன்."

ஜனெல் தட்டைக் கொடுத்தாள். துடைக்கத் திரும்பின பிரிட்டாவின் பார்வை நாற்காலியில் கிடந்த கோட்டின் மேல் விழுந்தது. பையிலிருந்து வெள்ளை உறையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. டோரிஸின் கோணல் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல. எல்லார் முன்னாடியும்தான்."

"நான் எனக்கு ஓட்டுப் போட்டுக்கல," என்றாள் பிரிட்டா. தட்டை அளவுக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆனா வியாழக்கிழமை ஓட்டு முடிஞ்சு உடை மாத்தற இடத்துக்கு வந்தப்ப, எல்லாரும் நான்தான் கேப்டன்ங்கற மாதிரி என்னப் பாத்துச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம்தான் போய் மனுவ அனுப்பினேன்."

ஜனெலின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. "அவங்க சிரிச்சதுக்கு ஏன் நீ மனு அனுப்பணும்? நீ யாருக்குப் போட்ட?"

பிரிட்டா தட்டை அலமாரியில் வைத்தாள். துவாலையை மடித்துக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். துணிக்கூடையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தரையில் டேப் இருந்த பக்கம் முகவாயால் காட்டினாள்.

"வீட்டுல பந்துப் பேச்சு கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு, உடையை எடுக்க மாடிக்கு ஏறிப் போனாள்.

ஜனெல் ஈரக்கையோடு திரும்பிக் கர்ட்டைப் பார்த்தாள். கர்ட் மறுபடியும் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

ஐந்து மணிக்கு இன்னும் நாலே கால் மணி நேரம் இருந்தது. உறை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.